தோல் டாக்டர்

நாலு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்துவிட்டால் சிலருக்குக் காது மந்தமாகிவிடுகிறது. பிறர் சொல்வதை முழுதாகக் கேட்கத் தோன்றாது. எனக்கு அப்படித்தான் ஆயிற்று, பிள்ளைகளே. எழுதும்போதே முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வெள்ளைக்காரன் கப்பலேறிய சமயம். ராயபுரத்தில், துறைமுகத்துக்கு மூட்டை தூக்கும் கூட்டத்தில் மேஸ்திரிக்கு நான் கையாள். ஐந்தாம் வகுப்பு தேறியவன் என்பதால் கூட்டத்துக்கே நான்தான் பாரிஸ்டர். (நடு வகிடு வேறு!)

ஒருநாள் கிடங்கு வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியவர் ஒரு டாக்டர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"தம்பி, ஓர் ஆராய்ச்சி பண்றேன். மூட்டை தூக்குறவங்கள்ல தோள், முழங்கை, இதுல தொந்தரவு உள்ளவங்களை ஞாயித்துக்கிழமை இங்கே வரச் சொல்லுங்க. வைத்தியமும் பார்ப்பேன்."

நம் பக்கத்தில் தோளைப் 'பொஜம்' என்போம். லகரமும் ளகரமும் எங்கள் நாக்குக்கு ஒன்றுதான். அவர் நாக்கை மடித்துச் சொன்னது படித்தவர்கள் பேசும் தினுசு என்று நினைத்துக்கொண்டேன். தோல்! அதாவது சொறி, சிரங்கு, படை! முழங்கையில் வந்தால் விசேஷம் போலிருக்கிறது!

ஆள் திரட்டக் கிளம்பினேன். அப்போது உங்கள் தாய்மாமன் கண்ணையன் வந்தான். சில நாள் முன்பு பலகையில் வழுக்கி, மூட்டையோடு விழுந்து, அவனுக்கு வலது பொஜம் பிசகியிருந்தது. தெரிந்தால் மேஸ்திரி வேலையை விட்டு நீக்கிவிடுவார் என்று மறைத்து, இடது பக்கமாகவே சுமந்துகொண்டிருந்தான்.

"மாமா, டாக்டரு வர்றாராமே? நானும் வரட்டா? கை மேலயே போவ மாட்டேங்குது."

"உனுக்கு எதுக்குடா? அவரு தோலு டாக்டரு. உன் தோலு பளபளன்னு கீது. சும்மா பேஜாரு பண்ணாத, வேலயப் பாரு."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினான், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை கிடங்கே சொறிந்துகொண்டு நின்றது. டாக்டர் வந்து, முதல் ஆளிடம் கையைத் தூக்கச் சொன்னார். அவன் கொடிக்கம்பம் போல் தூக்கி, "இங்க கூட கீது சார்" என்று அக்குளைக் காட்டினான். அடுத்தவனும் தூக்கினான். எல்லாரும் தூக்கினார்கள். டாக்டரின் முகம் சுருங்கியது.

"என்னப்பா, எல்லாம் தோல் வியாதியா இருக்கு?"

"நீங்க கேட்ட சரக்குதான் சார்! மொழங்கைல வந்தவன் மட்டும் தனியா நிக்கிறான் பாருங்க."

அவர் தன் தோளைப் பிடித்து உலுக்கினார். "தோள்! நான் கேட்டது தோள்!"

"அதான் சார், தோலு" என்று நானும் என் கைத்தோலைக் கிள்ளிக் காட்டினேன்.

"ஏய், அவரு பொஜத்தச் சொல்றாருடா!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணையன்! துறைமுகத்துக்கு ஓடினேன். அவசரமாகச் சரக்கு இறக்க அன்று காலையில் அவனையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது, கிழிந்த அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இடது பக்கம் சறுக்கிய மூட்டையை வலது கையால் தாங்கப் போயிருக்கிறான்.

"மாமா, இப்போ சுத்தமா தூக்கவே வரல" என்றான். என்மேல் கோபம்கூட இல்லை.

ரிக்‌ஷாவில் போட்டுக் கிடங்குக்குக் கொண்டுபோனேன். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, பிசகிய தோள்மூட்டை இழுத்துப் பொருத்தி, கையைக் கழுத்தோடு தூளி கட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "காலையிலயே வந்திருந்தா சுலபமா முடிஞ்சிருக்கும்" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

கண்ணையனின் வலது கை அதன்பிறகு மார்புக்கு மேலே ஏறவில்லை. மூட்டை வேலை போயிற்று. காசிமேட்டில் ஐஸ் கடையில் உட்கார்ந்தான். சட்டை மாட்டும்போது உங்கள் அத்தைதான் கையைப் பிடித்து உள்ளே விடுவாள். அந்த நேரம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

பெரியவள் கல்யாணத்தில் தாய்மாமன் மாலை போட வந்தான். கை எட்டவில்லை. பந்தலுக்கே கேட்கும்படி சொன்னான்: "கொஞ்சம் குனிம்மா. உங்க நைனாவுக்கு ஒரு எழுத்து கொறச்சல், எனக்கு ஒரு கை கொறச்சல்."

இன்றுவரை அந்தப் பேச்சு இல்லாமல் நம் வீட்டில் ஒரு விசேஷமும் நடந்ததில்லை. நீங்கள் எல்லாரும் சிரிப்பீர்கள். கண்ணையன்தான் முதலில் சிரிப்பான். நானும் சிரிப்பேன், எல்லாருக்கும் கடைசியாக.