தற்சமயம் இலங்கை

ஓர் உண்மையை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். நான் காவிரியைப் பார்த்ததில்லை. அன்றும் பார்த்ததில்லை, இன்றும் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் காவிரியைப் பிரிந்த துயரம் தாங்காமல் பதினெட்டுக் கவிதைகள் எழுதியிருக்கிறேன். அதில் ஒன்று பத்திரிகையிலும் வந்துவிட்டது. வராமலேயே இருந்திருக்கலாம்.

ஐம்பதுகளில் நான் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வேலை செய்துகொண்டிருந்தேன். வேலை என்னவோ மாடியில் கொழுந்தை உதறி வாடப்போடுவதுதான். மனதுக்குள் நான் பெரும்புலவன். வாசகசாலையில் கிடந்த பழைய பத்திரிகைகளைப் புரட்டியதில் எனக்கு ஒரு விஷயம் விளங்கியிருந்தது. கவிஞன் என்றால் அவனுக்கு ஓர் ஆறு வேண்டும். அந்த ஆற்றை அவன் பிரிந்திருக்க வேண்டும். பெயருக்கு முன்னால் ஓர் ஊரும் வேண்டும். நான் பிறந்ததோ தோட்டத்து வரிசை வீடுகளில் ஏழாம் நம்பர் லயம். 'ஏழாம் லயத்து முத்தையா' என்று எழுதி அனுப்பினால் எந்த ஆசிரியர் மதிப்பார்? அதனால் 'காவிரிக்கரைக் கவிராயன்' ஆனேன். அதற்குக் கீழே 'தற்சமயம் இலங்கை' என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்தத் 'தற்சமயம்' எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அடுத்த கப்பலுக்கு மூட்டை கட்டி வைத்திருப்பவன் மாதிரி ஒரு தோரணை அதில் இருந்தது.

(அதுவரை நான் போயிருந்த அதிகபட்சத் தூரம் நானுஓயா ஸ்டேஷன். அங்கேயும் ரயில் ஏறவில்லை. தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறியில் போய், பெட்டியை இறக்கிவிட்டு, அதே லொறியில் திரும்பிவிட்டேன்.)

நாடு சுதந்திரம் அடைந்த கையோடு, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வம்சமான எங்கள் சனங்களுக்கு எந்த நாடும் இல்லாமல் போயிருந்தது. பிரஜாவுரிமை வேண்டுமென்றால் விண்ணப்பம் போட வேண்டும். பல வருடங்களாக இங்கேயே இருக்கிறோம் என்று காகிதம் காட்ட வேண்டும். இனிமேலும் சாகும்வரை இங்கேயேதான் இருப்போம் என்பதை அதிகாரி நம்ப வேண்டும். காகிதத்தைக்கூட எப்படியாவது தேடிவிடலாம். அதிகாரி நம்புவது நம் கையிலா இருக்கிறது? அப்பா தனக்கும் அம்மாவுக்கும் தங்கச்சி பாக்கியத்துக்குமாக ஒரு விண்ணப்பம் போட்டார். எனக்கு வயது வந்துவிட்டதால் தனியாக ஒன்று போட்டேன். நாலைந்து வருடம் கழித்து, இரண்டுக்கும் ஒரே நாளில் டவுனில் விசாரணை என்று கடிதம் வந்தது.

கடிதம் வந்த அன்றிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனைக்கும் அவர் பிறந்ததே பக்கத்துத் தோட்டமான டயகமவில்தான். அவர் பயந்தது ஒரே ஒரு சொல்லுக்கு. கடலையே பார்க்காதவர்கள்கூட எங்கள் லயங்களில் இந்தியாவை 'ஊர்' என்றுதான் சொல்வார்கள். அதிகாரி முன்னால் வாய் தவறி அது வந்துவிட்டால்? போச்சு, எல்லாம் போச்சு! அதனால் அந்தச் சொல்லுக்கு வீட்டில் தடை போட்டார். சொன்னவருக்கு அன்றைக்குத் தேத்தண்ணி கிடையாது. அம்மா மூன்று நாள் தேத்தண்ணி இல்லாமல் இருந்தாள்.

தினமும் காலைப் பெரட்டில் பேர் கொடுத்து, வேலையும் முடிந்து வந்த பிறகு ஒத்திகை நடக்கும். பாக்கியம் கம்பளியைக் கோட்டு மாதிரி போர்த்திக்கொண்டு அதிகாரியாக உட்காருவாள்.

"ஒங்க ஊரு எது?"

"இதுதாங்க."

"அங்க சொந்தக்காரங்க யாரு இருக்காங்க?"

"எங்கங்க?" என்பார் அப்பா, முகத்தில் ஒன்றுமே தெரியாமல்.

"அப்பா பாஸ்!" என்று பாக்கியம் கை தட்டுவாள். அப்பா மட்டும் சிரிக்க மாட்டார். "நாளைக்கும் கேளு" என்பார்.

வீட்டில் எழுத்து வாசனை உள்ளவன் என்று காகிதங்களை அடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பிறப்புச் சான்றிதழ்கள், தோட்டத்தில் பேர் பதிந்ததற்கு ஆபீசில் கொடுத்த கடிதம், என் பள்ளிக்கூடச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். அடுக்கி முடித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. (எனக்கு யோசனை வந்தால் வீட்டில் யாராவது என்னைக் கட்டிப்போட்டிருக்க வேண்டும்.) இலங்கைப் பத்திரிகையில் என் கவிதை அச்சாகியிருக்கிறது. நான் இங்கே வாழ்கிறேன் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி என்ன இருக்கிறது? தவிர, ஒரு கவிஞனை எந்த அரசாங்கமாவது வேண்டாம் என்று சொல்லுமா? பத்திரிகைத் துண்டைக் கத்தரித்து, யாரிடமும் சொல்லாமல் என் காகிதங்களுக்கு மேலாக வைத்துக் கட்டினேன்.

விசாரணைக்கு விடிந்ததும் கிளம்பி, பஸ் பிடித்து, டவுனுக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசல் பெஞ்சில் எங்களுக்கு முன்னால் மூன்று குடும்பங்கள். உள்ளே போனவர்கள் வெளியே வரும்போது அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேகமாகப் போனாள். அப்பா கோட்டுப் பொத்தானைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். பெஞ்சிலிருந்து எழுந்தபோது ஒரு பொத்தான் கையோடு வந்துவிட்டது. அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

அதிகாரி ஒரு சிங்களப் பெரிய மனிதர், இங்கிலீஷில் கேட்டார். பக்கத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் அதைத் தமிழில் சொன்னார். அப்பா பாக்கியத்திடம் பாசானதுபோலவே அங்கேயும் பாசானார். ஒரு கேள்வியில்கூட 'ஊர்' தவறி வரவில்லை. அதிகாரி தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். அம்மா மெதுவாக மூச்சு விட்டாள்.

அடுத்து என் கட்டைப் பிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் பத்திரிகைத் துண்டை விரல் நுனியில் எடுத்தார்.

"தம்பி, இது நீர் எழுதினதோ?"

"ஆமாங்க சார். கவிதைங்க."

அப்போது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சத்தமாக வாசித்தார்.

"அன்னையே காவிரி! உன்மடி சேர்வேன்!
அந்நிய மண்ணிலே எத்தனை நாள்தான்
பனிமலைச் சிறையிலே பாவிநான் தேய்வேன்?
பாய்மரம் ஏறியே ஓடிநான் வருவேன்!"

பிறகு வரி வரியாக இங்கிலீஷில் சொன்னார். 'சிறை' வந்த இடத்தில் அதிகாரி இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். என் கவிதையை ரசிக்கிறார் என்றுதான் ஒரு நிமிடம் நினைத்தேன். அப்புறம் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். என் கவிதையை முதன்முதலாக அன்றுதான் கேட்கிறார்.

"எந்தச் செறைடா?" என்றார், அதிகாரி இருப்பதையே மறந்து. "தொரைகிட்ட எத்தன தரம் சலாம் போட்டு அந்த லயத்துக் காம்பராவ வாங்கினேன்! செறையாடா அது?"

மொழிபெயர்ப்பாளர் கவிதையின் அடியில் விரலை வைத்தார். "'தற்சமயம் இலங்கை' எண்டு போட்டிருக்கிறீர். அப்ப, பிறகு எங்க போற உத்தேசம்?"

"எங்கயும் இல்லீங்க சார்."

"அப்ப ஏன் போட்டனீர்?"

 உள்ளே இருந்த உண்மை அப்படியே வந்து விழுந்தது.

"அழகுக்குங்க சார்."

அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று அவர் கொஞ்ச நேரம் திண்டாடினார். சொன்னதும் அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

அம்மாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "ஐயா சாமி, இவன் பேச்ச நம்பாதீங்க! இவனுக்குத் தண்ணின்னாலே பயங்க. பீலியில நிறுத்திக் குளிப்பாட்டவே ரெண்டு ஆளு வேணும். இவனா கப்பலேறப் போறான்?"

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. பீலி என்றால் மலையிலிருந்து தகரக் குழாய் வழியாக விழும் தண்ணீர், இடுப்பளவு ஆழம்கூடக் கிடையாது என்பதையும் மொழிபெயர்ப்பாளர் விளக்கமாக இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"காவிரி எந்தப் பக்கமாய் ஓடுது எண்டு கேக்கிறார்."

எந்தப் பக்கம்? பதினெட்டுக் கவிதையிலும் அதை நான் எழுதவில்லை. தெரிந்தால்தானே எழுதுவதற்கு!

"பள்ளத்தப் பாத்து ஓடுதுங்க சார்" என்றேன். எனக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் அப்படித்தான் ஓடியது.

மொழிபெயர்ப்பாளரின் மீசை அசைந்தது. "சரி, உங்கட லயத்துக்குக் கிட்ட ஆறு இருக்கோ?"

"ஆறு இல்லீங்க, ஓடைங்க" என்று ஆரம்பித்தேன். பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. அது பத்தாம் நம்பர் மலை உச்சியில் ஊற்றெடுப்பதை, சாக்குத் தைக்கிற ஊசி மாதிரி தேயிலைக்குள் புகுந்து புகுந்து வெளியே வருவதை, கோயில் வளைவில் அட்டை ஜாஸ்தி என்பதை, மார்கழியில் காலையில் கை வைத்தால் விரல் செத்துப்போவதை, பெரிய மழையில் எங்கள் வாசல்வரை வந்து பாக்கியத்தின் ஒற்றைச் செருப்பைக் கொண்டுபோனதை எல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் பாதியில் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டார். அதிகாரி ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது. இந்த ஓடையையே கவிதையாக எழுதித் தொலைத்திருந்தால் என்ன, மடையா, என்று நான் என்னைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தேன்.

 திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது அப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "அழகுக்காம்!"

பிறகு எட்டு மாதம் தபால்காரரைக் கண்டாலே நான் ஸ்டோர் மாடிக்கு ஏறிவிடுவேன். ஒரு நாள் இரண்டு கடிதமும் சேர்ந்தே வந்தன. வாசித்துச் சொல்லச் சொல்லி, இங்கிலீஷ் தெரிந்த தோட்டத்துக் கண்டக்டரான கண்டாக்கு ஐயாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அப்பாவின் விண்ணப்பம் ஏற்கப்பட்டிருந்தது. என்னுடையது தள்ளுபடி. நான் இங்கே நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் நிரூபிக்கப்படவில்லையாம்.

கவிதைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. வாழ்நாளில் ஒரு கடுதாசிகூட எழுதாத எத்தனையோ பேருக்கும் அதே வரிதான் வந்திருந்தது. (என் குடும்பம் இந்த வாதத்தை இன்றுவரை ஏற்கவில்லை.)

அப்பா சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். அவர் தன் கடிதத்தைக் கண்டாக்கு ஐயாவிடமே திருப்பி நீட்டினார்.

"ஐயா, என் காயிதத்துல ஓரமா இவன் பேரையும் எழுதிக்க முடியாதுங்களா?"

முடியாது என்றார் அவர். அப்பா அந்தக் கடிதத்தை ரொம்ப நேரம் மடித்துக்கொண்டிருந்தார். அன்று நான் பீலிக்கரைக்குப் போய், தண்ணீர் விழும் சத்தத்தில் நன்றாக அழுதேன்.

பிற்பாடு இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் பேசி எங்கள் சனங்களைப் பங்கு பிரித்தன. நான் இந்தியப் பக்கத்துக்கு விண்ணப்பம் போடவே இல்லை. பக்கத்துக் காம்பராக்காரர்கள் போனபோது வழியனுப்ப நானுஓயாவுக்குப் போனேன். ரயில் நகர்ந்ததும் ஜன்னல்களில் எல்லாம் ஒப்பாரி. அதில் ஒருவர்கூடக் காவிரியைப் பற்றி ஒரு வரி எழுதியவர் இல்லை. பதினெட்டுக் கவிதை எழுதியவன் பிளாட்பாரத்தில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பதினெட்டையும் அடுப்பில் போட்டேன்.

'தற்சமயம்' மட்டும் எரியவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் பாக்கியம், "எங்க அண்ணன் தற்சமயம் நல்லவரு" என்று ஆரம்பித்தாள். என் மனைவி சோறு போடும்போது, "தற்சமயம் போதுமா?" என்பாள். பேரப்பிள்ளைகளுக்கு நான் 'தற்சமயத் தாத்தா'.

தலை முழுக்க நரைத்த பிறகு, சட்டம் மாறி, எனக்கும் ஒரு வழியாகக் காகிதம் வந்தது. அப்பா அதைப் பார்க்க இல்லை. பத்தாம் நம்பர் மலைக்குக் கீழே, அந்த ஓடைக்குப் பக்கத்தில்தான் அவரைப் புதைத்திருந்தோம். பாக்கியம் கேள்விப்பட்டு ஓடி வந்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பார்த்தாள்.

"ஏண்ணே, தற்சமயம்னு எங்கயாச்சும் போட்டிருக்கா?"

"இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன்."

"எதுக்கும் கண்டாக்கு ஐயாகிட்ட ஒரு தரம் காட்டிருவோம்" என்றாள். கண்டாக்கு ஐயா செத்து இருபது வருடமாகியிருந்தது. இருந்தும் நான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன்.