அவசர உதவி நிதிக்கு மூன்று சாவி

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்காமல் இருந்து, சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில், குன்னூருக்கு ஆறு மைல் தள்ளியிருக்கும் பெல்மவுண்ட் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் அவசர உதவி நிதிக்கு மூன்று சாவி போடப்பட்டது. அந்த மூன்றில் ஒன்று அடியேனிடம் இருக்கிறது என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் நிதிக் கமிட்டியின் செயலாளர்; எஸ்டேட் ஆபீஸில் சீனியர் கிளார்க். தலைவர் திரு. சில்வஸ்டர், ஓய்வுபெற்ற ஹெட் கிளார்க். பொருளாளர் திரு. ஆறுமுகசாமி, ஃபேக்டரி சூப்பர்வைசர். கொழுந்து பறிக்கும் இருநூற்றுப் பதினாறு பேர் மாதம் நூறு ரூபாய் போட்டுச் சேர்த்த ஒன்பது லட்சம் அதுவரை ஒரு வங்கியில் கிடந்தது. செக்கில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் மறுநாளே பணம் கைக்கு வந்துவிடும். அவ்வளவு ஆபத்தான ஏற்பாடு.

எங்கள் கண்ணைத் திறந்தவர் அலன் என்ற ஆலோசகர். பெங்களூரில் வேலையை விட்டுவிட்டு, இங்கே ஒரு பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எதிர்காலத்தைப் பற்றி யோசிப்பவர். சுவரில் படம் காட்டி விளக்கினார்.

"நம்பிக்கைங்கறதே பழைய டெக்னாலஜி சார். இதுல யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்ல."

முப்பது வருடமாக ஒருவரை ஒருவர் நம்பாமலேயே கமிட்டி நடத்தி வந்தவர்கள் நாங்கள். அதற்கு டெக்னாலஜி என்று பெயர் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

ஒன்பது லட்சமும் கிரிப்டோ நாணயமாக மாறியது. நாணயம் என்றால் கையில் எடுத்துப் பார்க்கக் கூடியது அல்ல. செல்போனில் தெரியும் ஓர் எண். ஆளுக்கொரு பென்டிரைவ் மாதிரியான கருவி கொடுத்தார்கள். அதுதான் சாவி. பணம் நகர வேண்டுமானால் சாவி வைத்திருப்பவர்கள் அவரவர் கருவியில் ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டும்.

"மூணு பேர்ல ரெண்டு பேர் அழுத்தினா போதும்னு வச்சிடலாமா?" என்று கேட்டார் அலன்.

தலைவர் முகம் சிவந்தது. "அப்ப அந்த மூணாவது ஆள் வேண்டாதவனா தம்பி?"

"எல்லாரும் அழுத்தோணும்னே வையுங்க," என்றார் பொருளாளர். "நாளைக்கு ஒருத்தரும் மனசு சங்கடப்படக் கூடாது பாருங்க."

யார் மனமும் சங்கடப்படாத வகையில், மூவரும் அழுத்தினால்தான் பணம் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை, ஏழாம் நம்பர் காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மூக்கம்மாவை ஒரு காட்டெருமை முட்டித் தூக்கிப் போட்டது. இடது தொடை எலும்பு முறிந்தது. குன்னூரில் கட்டுப் போட்ட டாக்டர், உடனே கோயம்புத்தூர் கொண்டுபோய் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். அங்கே எண்பதாயிரம் அட்வான்ஸ் கேட்டார்கள். இன்சூரன்ஸ் அட்டையில் பெயர் 'மூகம்மாள்' என்று இருந்ததால், அட்டைக்கு உரியவர் வேறு யாரோ என்று அரசாங்கம் கருதியது.

மதியமே அவர் மகள் ரேகா ஆபீஸுக்கு வந்துவிட்டாள். குன்னூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண்.

"ராஜசேகர் சார், அம்மாவுக்கு அவசர நிதியில இருந்து குடுங்க. வண்டி நிக்குதுங்க."

"அவசரத்துக்குத்தானேம்மா இந்த நிதியே," என்று சொல்லி, லேப்டாப்பைத் திறந்து பரிவர்த்தனையை உருவாக்கினேன். திரையில் சிவப்பாக ஏதோ வந்தது. அலனுக்குப் போன் போட்டேன்.

"கேஸ் இல்ல சார்," என்றார்.

"போன வாரம்தானே சிலிண்டர் வந்துச்சு?"

அந்த கேஸ் அல்லவாம். நம் பணத்தை நாம் எடுக்கக் கட்ட வேண்டிய கட்டணத்துக்குத்தான் அந்தப் பெயர். அதை வேறொரு நாணயத்தில் கட்ட வேண்டும். அந்த நாணயத்தை ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும். ரூபாய் எடுப்பதற்குத்தான் இவ்வளவும் செய்கிறோம் என்பதை ரேகா கவனித்துவிட்டாள். சின்னப் பெண், விட்டுவிட்டேன். அவளிடமே எழுநூறு ரூபாய் வாங்கிக் கட்டணத்தைக் கட்டினேன்.

பொருளாளர் ஊரில் இல்லை. தெப்பக்காடு யானை முகாமில் பாகனாக இருக்கும் மைத்துனர் வீட்டில், மகனுக்குக் காதுகுத்து. அங்கே சிக்னல் கிடையாது. வியாழக்கிழமை மசினகுடிக்கு மீன் வாங்க வந்தபோதுதான் அவர் போனில் என்னுடைய நாற்பத்தொரு அழைப்பும் ஒன்றாக வந்து விழுந்தன.

"ஏனுங்க, இதை முன்னாலயே சொல்லியிருக்கலாமில்லீங்களா?" என்று வருத்தப்பட்டார். நல்ல மனிதர். கருவி சட்டைப் பையிலேயே இருந்தது. மீன் கடை முன்னால் நின்றபடியே அழுத்திவிட்டார்.

அடுத்து தலைவர். பின் நம்பரை மறந்து, மூன்று முறை தவறாக அடித்ததில் கருவி தன்னைத் தானே வெறுமையாக்கிக்கொண்டது. அதற்கும் வழி உண்டு. ஆரம்பத்திலேயே ஆளுக்குப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைக் கொடுத்து, காகிதத்தில் எழுதி வைக்கச் சொல்லியிருந்தார்கள். அவற்றை அதே வரிசையில் அடித்தால் சாவி உயிர் பெற்றுவிடும். தலைவர் பத்திரமாக எழுதி வைத்திருந்தார். தமிழில்.

"இங்கிலீஷ்ல வெறுமனே எழுதினா மறந்து போகும் பாருங்க. அதான் அர்த்தம் புரிஞ்சு எழுதினேன்," என்றார்.

முதல் சொல் 'பெரிய'. அது லார்ஜா, ஹியூஜா, ஜயண்டா? இரண்டாவது 'கைவிடு'. மூன்றாவது 'கொஞ்சம் குளிர்'. அலன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஐந்தாவது சொல்லில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 'ஆஸ்பத்திரி' என்று இருந்தது. மூன்று நாள் மொழிபெயர்ப்புப் பணி நடந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்த தலைவர், 'கைவிடு' என்பது 'குவிட்' என்று நினைவுக்கு வந்து, கண் கலங்கியபடி பொத்தானை அழுத்தினார்.

இனி பாக்கி என் சாவி மட்டும்.

திங்கட்கிழமை காலை மேசை முன் உட்கார்ந்து கருவியைச் செருகினேன். அழுத்தப் போகும் நேரத்தில், பொறுப்புள்ள செயலாளர் என்ற முறையில் நாணயத்தின் விலையைப் பார்த்தேன். ஒரே வாரத்தில் பன்னிரண்டு சதவீதம் இறங்கியிருந்தது. இப்போது எடுத்தால் சுத்த நஷ்டம். யாருடைய நஷ்டம்? இருநூற்றுப் பதினாறு ஏழைத் தொழிலாளர்களின் நஷ்டம். கருவியைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ரேகா தினமும் போன் செய்தாள்.

"சார், பணம் வந்துருச்சுங்களா?"

"சிஸ்டத்துல போயிட்டிருக்கும்மா."

"அம்மா வலி தாங்காம கத்துறாங்க சார். டாக்டர் லேட் பண்ணாதீங்கங்கறாரு."

"மெஷின் பண்ற வேலைம்மா. நம்ம கையில இல்ல."

அந்தப் பதினொரு நாளும் நான் பட்ட வேதனை எனக்குத்தான் தெரியும். ராத்திரி எழுந்து எழுந்து விலையைப் பார்த்தேன். புதன்கிழமை இன்னும் இரண்டு சதவீதம் இறங்கியபோது சோறு இறங்கவில்லை. பிறகு மெல்ல மெல்ல ஏறியது. இரண்டாம் வெள்ளிக்கிழமை, வாங்கிய விலையையும் தாண்டி நான்கு சதவீதம் மேலே நின்றது. மனம் நிறைந்து ரேகாவைக் கூப்பிட்டேன்.

"வேண்டாங்க சார்," என்றாள். "என் செயினையும் ஸ்கூட்டரையும் வித்து நேத்தே ஆபரேஷன் முடிஞ்சுது."

ஆக, நிதியிலிருந்து ஒரு பைசாவும் செலவாகவில்லை.

மே மாதம் ஆண்டுக் கூட்டம். புது முறையின் வெளிப்படைத் தன்மையை உறுப்பினர்கள் அறிய வேண்டும் என்று, அலன் கட்டம் கட்டமான ஒரு படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார். செல்போனில் அதைப் படம் பிடித்தால் நிதியின் முழு வரலாறும் திறக்குமாம். நான் அறிக்கை வாசித்தேன். நிதி நான்கு சதவீதம் வளர்ந்திருக்கிறது என்றதும் கைதட்டல் வந்தது. தலைவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

பின் வரிசையில் ரேகா எழுந்தாள். கையில் போன்.

"சார், இதுல எழுதியிருக்கு. பொருளாளர் வியாழக்கிழமை காலைல பத்து பதினேழு. தலைவர் ஞாயித்துக்கிழமை மத்தியானம் பன்னெண்டு அம்பது. செயலாளர்னு ஒரு பேரு இருக்கு, நேரமே இல்ல. பக்கத்துல 'காத்திருக்கிறது'ன்னு போட்டிருக்கு. பதினொரு நாளும் அப்படியே இருந்துருக்கு. இந்த மெஷின் யாருக்குங்க காத்திருந்துச்சு?"

பொன்னாடை கழுத்தில் உறுத்தியது.

"மார்க்கெட் நிலவரம் அப்படிம்மா," என்றேன். "உங்க எல்லாரோட பணம். நஷ்டத்துல எடுக்க எனக்கு மனசு வரல."

மூக்கம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எலும்பு கோணலாகக் கூடத் தொடங்கிய பிறகு ஆபரேஷன் செய்ததால், இடது கால் கட்டையாகிவிட்டது. மேசை வரைக்கும் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார். கூட்டம் முழுவதும் அந்த நடையைப் பார்த்தது. நான் அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாலு ஏறிச்சுன்னு வாசிச்சீங்களே சார், நல்லதுங்க," என்றார். "என் காலு ஒன்றரை இஞ்ச் இறங்கிருச்சு. அதையும் அந்தக் காயிதத்துல சேத்து எழுதுங்க."

உறுப்பினர்கள் உணர்ச்சிவசப்பட்டிருந்ததால் கூட்டத்தை ஒத்திவைத்தோம். ஆபீஸ் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கமிட்டி அவசரமாகக் கூடியது. மூக்கம்மாவின் கால் விஷயத்தில் கமிட்டியில் யார் மீதும் தவறில்லை என்று மினிட் புத்தகத்தில் தீர்மானம் எழுதினேன். பொருளாளர் கையெழுத்திட்டார், தலைவர் கையெழுத்திட்டார், நானும் இட்டேன்.

மூன்று கையெழுத்தும் முடிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.