கிறிசாந்தோ பிரான்சில் கால் வைக்காத கதை

லமலீன், நியூஃபவுண்ட்லாந்து
செப்டம்பர் மாதம், ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு

அன்பையும் அதட்டலையும் சரிபாதியாகக் கலந்து என்னை வளர்த்த அக்கா பிலோமினாவுக்கு,

தம்பி லியாண்டர் வணக்கத்துடன் எழுதுவது. என் இடது முழங்கால் நீங்கலாக இங்கு எல்லோரும் நலம். அங்கே ஆல்பர்ட்டாவில் நீயும் அத்தானும் பிள்ளைகளும், உங்களுக்குச் சோறு போடும் எண்ணெய்க் கம்பெனியும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் லோர்னாவோடு குடித்தனம் நடத்தும் பிலிப்பைன்ஸ் பையன் கிறிசாந்தோ இனி நிரந்தரமாக இங்கேயே இருக்கலாம், யாரிடம் வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று அரசாங்கம் அட்டை அனுப்பிவிட்டது. மோதிரம் மாற்றாமல் என்ன குடித்தனம் என்று நீ கேட்பது இங்கே எனக்குக் கேட்கிறது. அரசாங்கமே ஒத்துக்கொண்டுவிட்டது, நீயும் ஒத்துக்கொள். அவர்கள் உண்மையிலேயே ஜோடிதான் என்பதற்குச் சாட்சி எழுதித் தரச் சொன்னார்கள். பாத்திரம் கழுவுவது யார் என்று தினமும் சண்டை போடுகிறார்கள், நடிக்கிறவர்களுக்கு அவ்வளவு சத்தம் வராது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை வாசித்துத்தான் அதிகாரி மனம் இரங்கியிருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயம். போன வருஷம் நான் கிறிசாந்தோவைப் பிரான்சுக்குக் கடத்திக்கொண்டு போய் அவன் பிழைப்பில் மண் போடப் பார்த்தேன் என்று ஹில்லியர் வீட்டு கெர்ட்ரூட் உன்னிடம் போனில் சொன்னாளாமே. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நடந்தது இதுதான். லோர்னா அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள், மீன் பதனிடும் ஆலையில் அந்த வருஷ வேலையும் முடிந்துவிட்டது, முதியோர் இல்லத்தில் கிறிசாந்தோ வாங்கும் சம்பளம்தான் வீட்டுக்கு. அவனுடைய பழைய வேலை அனுமதி தீரும் முன்பே லோர்னா அவனைத் தன் துணை என்று ஸ்பான்சர் செய்து எல்லாக் காகிதத்தையும் அனுப்பிவிட்டாள். பதில் வரும்வரை அதே வேலையைப் பார்க்கலாம், ஆனால் நாட்டை விட்டு ஒரு அடி வெளியே வைத்தாலும் வேலை செய்யும் உரிமை போய்விடும் என்று செயின்ட் ஜான்ஸ் நகரத்து வக்கீலம்மா விரலை ஆட்டிச் சொல்லியிருந்தாள். இந்த நாடு எவ்வளவு பெரிசு, இதைவிட்டு வெளியே போக எத்தனை நாள் ஓட வேண்டும் என்று நான் சிரித்தேன். நம் கரைக்கு எதிரே, பிரான்சுக்குச் சொந்தமான சென்ட் பியர் தீவு உட்கார்ந்திருப்பது அந்த நேரம் பார்த்து எனக்கு ஞாபகம் வரவில்லை அக்கா.

ஜூலையில் வீட்டுத் தேவைக்குக் காட் மீன் பிடித்துக்கொள்ள விடுவார்களே, அன்று அவனையும் படகில் ஏற்றிக்கொண்டேன். திசை காட்டும் கருவியை எடுத்துக்கோங்க அப்பான்னு லோர்னா தலைபாடாக அடித்துக்கொண்டாள். நம் அப்பா எதை வைத்துக்கொண்டு போனார், மூக்கை வைத்துக்கொண்டுதானே போனார் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நாலு மீன் ஏறியிருக்கும், மூடுபனி வந்து இறங்கியது பார், என் கையே எனக்குத் தெரியவில்லை. அப்புறம் எஞ்சின் இருமியது, செத்தது. நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் போய், ரொம்ப நேரம் கழித்து ஏதோ ஒரு கரையில் படகு முட்டியது. முட்டுவதற்கு முன்பே வந்துவிட்டது அந்த வாசனை. சுடச்சுட ரொட்டி. பனியில் மாட்டினவன் மூக்கில் ரொட்டி வாசனை அடித்தால் சென்ட் பியர் வந்துவிட்டது என்று அர்த்தம் என அப்பா சொல்வாரே. கரையில் ஒரு கூடாரம், அதன்மேல் மூவர்ணப் பிரெஞ்சுக் கொடி, அதன் முன்னால் ஒரு அம்மாள் இரும்புச் சட்டியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். "சென்ட் பியர்?" என்று கேட்டேன். ஆமாம் ஆமாம் சென்ட் பியர் என்று மலர்ந்த முகத்தோடு தலையை ஆட்டினார். நம் பாஷை அவருக்கு வராது, அவர் பாஷை எனக்கு வராது, அதற்கு மேல் விசாரணைக்கு வழியில்லை.

கிறிசாந்தோ முகத்தைப் பார்க்கணுமே. ரெண்டு காலையும் தூக்கிப் பலகை மேல் வைத்துக்கொண்டு அடைகாக்கிற கோழி மாதிரி உட்கார்ந்துவிட்டான். "நான் இறங்க மாட்டேன் மாமா. கால் படலேன்னா வெளிநாடு போனதா ஆகாது"ன்னான். வக்கீலம்மாவே இவ்வளவு நுணுக்கமா யோசிச்சிருக்க மாட்டாள். எனக்குப் பசி. நான் இறங்கினேன். ஒடெட் அம்மாள், அதுதான் அவர் பெயர், ரொட்டியும் சூப்பும் தந்தார், கிளாசில் சிவப்பாக ஏதோ ஊற்றியும் தந்தார், மரியாதைக்காகக் குடித்தேன், மறுபடியும் மரியாதைக்காகக் குடித்தேன். பையன் மணிக்கணக்காகப் படகிலேயே நடுங்கிக்கொண்டு கிடக்கிறானே என்று ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினேன். பாறையில் பாசி. கால் வழுக்கித் தண்ணிக்குள்ளே போய் விழுந்தேன் அக்கா. நமக்குத்தான் நீச்சல் தெரியாதே, நம்ம பக்கத்துல எந்த மீன்காரனுக்குத் தெரியும். ரெண்டு வாய் உப்புத்தண்ணி உள்ளே போச்சு, லோர்னா முகம் கண்ணுக்கு முன்னால வந்துச்சு. அப்போ யாரோ காலரைப் பிடிச்சுத் தூக்கினாங்க. அந்தக் கோழிதான். என்னைக் கரை மேல் ஏதோ செடிகளுக்கு நடுவே இழுத்துப் போட்டுத் தட்டிக் கக்க வைத்துவிட்டு, அப்புறம்தான் குனிந்து தன் காலைப் பார்த்தான். ரெண்டு காலும் தரையில்.

"போச்சு மாமா. நான் பிரான்சுல நிக்கிறேன்"னான்.

என் மேல் ஒரு சொல் கோபம் இல்லை. அங்கேயே உட்கார்ந்து, இல்லத்துல கிழவருங்களுக்கு நாளைக்கு யாரு ஷேவ் பண்ணுவாங்க, லோர்னாகிட்ட என்ன சொல்றதுன்னு மெதுவாக் கேட்டான். நான் அழுதேன். இதை கெர்ட்ரூட் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், நான் சொல்கிறேன், நன்றாகவே அழுதேன். அந்த நிமிஷம்தான் அவன் என் பிள்ளை ஆனான், அட்டை வந்த அன்றைக்கு இல்லை.

அப்போது பனி லேசாக விலகியது. மேட்டில் இருந்து ஒருவன் கையை ஆட்டிக்கொண்டு, வாய்க்கு வந்ததைத் திட்டிக்கொண்டு இறங்கி வந்தான். பார்த்தால் நம் பக்கத்து ஊர் பாயிண்ட் மே கார்லண்ட், நம் சித்தி மகன்.

"கார்லண்ட், இது எந்த நாடுடா?" என்றேன்.

"என் உருளைக்கிழங்குத் தோட்டம்டா. அந்தப் பையனைக் காலை எடுக்கச் சொல்லு."

பின்னே என்ன, சென்ட் பியர்க்காரர்கள் வெயில் காலத்தில் நம் பக்கம் வந்து கூடாரம் போடுகிறவர்கள்தானே. சொந்த ஊர் எது என்று நான் கேட்டதாக நினைத்துக்கொண்டு அந்த அம்மாள் உண்மையைச் சொல்லியிருக்கிறார். கிறிசாந்தோ சிரிக்கவில்லை. கார்லண்டை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, செடிக்குப் பக்கத்திலேயே மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மறுநாள் காலை வழக்கம்போல் வேலைக்குப் போய்விட்டான். லோர்னாதான் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை, அதுவும் பேத்தி பிறந்ததும் சரியாகிவிட்டது.

ஆகவே, அவன் பிரான்சில் கால் வைக்கவும் இல்லை, நான் கடத்தவும் இல்லை. ஒடெட் அம்மாள் மட்டும், பாவம், நல்ல மனசு, வாராவாரம் தன் தீவிலிருந்து நம் பக்கம் ஃபோர்ச்சூன் துறைக்கு வரும் படகில் ரொட்டி கொடுத்தனுப்புகிறார். நான் போய் வாங்காவிட்டால் ரொட்டி காய்ந்துவிடும், அதனால் போகிறேன். அதற்காக நான் புதுச் சட்டை வாங்கினேன் என்று கெர்ட்ரூட் சொன்னால் நம்பாதே, பழைய சட்டை கிழிந்துவிட்டது. காகிதம், போட்டோ, சாட்சி, காத்திருப்பு என்று இந்த இரண்டு வருஷத்தில் என் ஆயுசில் பத்து குறைந்துவிட்டது. இனி இந்த ஜென்மத்தில் ஸ்பான்சர் என்ற சொல்லோடு எவனாவது என் வாசலுக்கு வந்தால் துடைப்பக்கட்டைதான்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள், உன் இடுப்பு வலிக்குப் புனித அன்னம்மாளின் துணை. குளிருக்கு முன் ஒருமுறை வந்து பேத்தியைப் பார்த்துவிட்டுப் போ.

உன் ஆசீர்வாதத்தை வேண்டும் தம்பி,
லியாண்டர் ஸ்லேனி

பின்குறிப்பு: அக்கா, தேவை முடிந்ததே என்று லோர்னா தன் விண்ணப்ப நகலை எல்லாம் அடுப்பில் போடப் போனாள். நான்தான் பிடுங்கி என் மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஸ்பான்சர் செய்கிறவருக்கு வயது வரம்பு ஏதாவது உண்டா என்று அங்கே தெரிந்தவர்களிடம் கொஞ்சம் விசாரி, பெயர் சொல்லாமல் விசாரி. ஒடெட், வந்தால் சும்மா உட்கார்ந்து சாப்பிட மாட்டேன், ரொட்டிக்கடை போட வேலை அனுமதியும் சேர்த்து வாங்கித் தந்தால்தான் வருவேன் என்கிறாள். லோர்னா சிரித்துச் சிரித்துக் குழந்தையை எழுப்பிவிட்டாள். கிறிசாந்தோ ஒன்றுதான் சொன்னான்: "எல்லாம் நல்லபடியா நடக்கும் மாமா. பேப்பரை அனுப்பினதுக்கப்புறம் அவங்களை உங்க படகுல மட்டும் ஏத்தாதீங்க."