மாநாட்டுக்குத் திருகோணமலை போகிறவர்களின் கவனத்துக்கு

உலகத்தில் ஊர் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர், தெரியாதவர்கள் நிறையப் பேர். இந்த இரண்டு கட்சியிலும் சேராமல் மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. எந்த ஊருக்குப் போவதாக நீங்கள் வாய் தவறிச் சொன்னாலும், உங்களை அங்கே பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு தங்கள் தலையில் விழுந்துவிட்டதாக நம்புகிற இனம் அது. பல்வலியோடு கண்டி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டவனை வழியில் நிறுத்தி, வீங்கிய கன்னத்தைப் பார்த்துக்கொண்டே, "எப்படிப் போறீங்க?" என்று கேட்பார்கள். என்ன பதில் சொன்னாலும் ஒன்றுதான். பஸ் என்றால் ரயில், ரயில் என்றால் பஸ். "ஏன் அப்படிப் போறீங்க?" என்ற அடுத்த கேள்வி ஏற்கெனவே நாக்கு நுனியில் தயாராக நிற்கும். பிறகு கண்கள் மூடும். வலது கை எழும்பும். அந்தக் கை காற்றில் ஒரு வளைவு திரும்பி, ஒரு பாலம் தாண்டி, ஒரு கோயிலை இடது பக்கம் விட்டு, கடைசியில் ஒரு டீக்கடை வாசலில் வந்து நிற்கும். "அங்க என் பேரச் சொல்லுங்க." சொல்லிப் பாருங்கள். அதுவரை உங்களை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டிருந்த டீக்கடைக்காரர் அதற்குப் பிறகு சந்தேகமாகப் பார்ப்பார்.

மலைநாட்டு மஸ்கெலியா பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் வீரபத்திரன் இந்த இனத்தில் முழு வளர்ச்சி கண்டவர். பிள்ளைக்குப் பள்ளிக்கூட வெள்ளைத் துணி எடுக்க வந்தவர்கள் அவரிடம் அனுராதபுரத்துக்கு வழி தெரிந்துகொண்டு, துணி எடுக்க மறந்து வீடு திரும்பியிருக்கிறார்கள். கடையை உண்மையில் நடத்துவது அவருடைய மனைவி ரத்னா. வீரபத்திரன் நடத்துவது போக்குவரத்து.

அவருடைய அக்கா மகள் கிருஷாந்தி, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. ஒரு நாள் மழையில் நனைந்தபடி கடைக்கு ஓடிவந்து, திருகோணமலையில் நடக்கும் முன்பள்ளி ஆசிரியர் மாநாட்டில் பேசத் தன்னைத் தெரிவு செய்திருப்பதாகச் சொன்னாள். பேசக் கிடைத்தது பத்தே நிமிஷம். ஆனால் சபையில் ஒரு தொண்டு நிறுவனத்தார் இருப்பார்கள். ஒரே ஒரு முன்பள்ளிக்குப் புதுக் கூரை போட்டுத் தருவார்கள், எதற்கு என்பதை மாநாட்டிலேயே முடிவு செய்வார்கள். கிருஷாந்தியின் முன்பள்ளிக் கூரை எப்படிப்பட்டது என்றால், அதில் தகரம் எது, ஓட்டை எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

"நல்லாப் பேசணும்ங்க மாமா. ராவெல்லாம் அதே நெனப்பா இருக்கு" என்றாள்.

"பேசுறது கெடக்கட்டும். எப்படிப் போறீங்க?" என்றார் வீரபத்திரன்.

ரத்னா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

திருகோணமலை அவருக்குத் தெரியாதா என்றால், தெரியும். கல்யாணமான புதிதில் கோணேசர் கோயிலுக்கு யாத்திரை போனவர் அவர். பஸ் புறப்பட்டதும் தூங்கினார். கோயில் மேட்டில் எழுப்பிவிட்டார்கள். கும்பிட்டார். சுற்றிலும் பார்த்தார். மேடு இருந்தது, காற்று இருந்தது, கீழே பெரிய தண்ணீர் தெரிந்தது. மஸ்கெலியாவிலும் கீழே, நீர்த்தேக்கத்தில், பெரிய தண்ணீர்தான் தெரிகிறது. ஆக இரண்டும் ஒரே மாதிரி ஊர்தான் என்று திருப்திப்பட்டு, பஸ்ஸில் ஏறி மறுபடியும் தூங்கிவிட்டார். இடையில் ஒரு துறைமுகம், ஒரு கோட்டை, ஒரு பட்டணம், இலட்சக்கணக்கான மனிதர்கள் இருந்ததெல்லாம் அவருடைய தூக்கத்துக்குள் அடங்கிப்போயின.

அன்று கல்லாவில் உட்கார்ந்து, போனை வாய்க்கு நேரே பிடித்து, வாட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் போட்டார்.

"மாநாட்டுக்குப் போற எல்லாருக்கும் வணக்கம். வீரபத்திரன் பேசுறேன். மொதல்ல, ஸ்வெட்டர் எடுத்துக்குங்க. மேட்டுக் காத்து நெஞ்சுல எறங்குனா பேச்சு வராது. ரெண்டாவது, காலுக்குச் சவுக்காரம் தடவிக்கிட்டு எறங்குங்க, அட்டை கடிச்சா ரத்தம் நிக்காது. பின்னேரத்துல பனி மூடிரும், டோர்ச் இருக்கட்டும். மண்டபத்துக்கு யாருகிட்டயும் வழி கேக்காதீங்க, கேட்டா கொழப்பிருவாங்க. ஏத்தத்தப் பாத்து ஏறிக்கிட்டே இருங்க. எந்த ஊரா இருந்தாலும் பெரிய பங்களா மேட்டுலதான் இருக்கும். எங்க ஏத்தம் முடியுதோ, அங்க மண்டபம். சந்தேகம்னா எனக்கு போன்ல கோல் எடுங்க, நம்பர எழுதிக்குங்க."

சிரிக்காதீர்கள். அவர் பார்த்த உலகம் அப்படி. தோட்டத்தில் துரை பங்களா உச்சியில் இருக்கும், ஆபீஸ் பெரியய்யா வீடு அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கும், தொழிலாளர் குடியிருக்கும் லயம் பள்ளத்தில் கிடக்கும். முக்கியமானவர்களின் கட்டடம் எல்லோருடைய வீடும் நிற்கிற அதே மட்டத்தில் நிற்கும் ஓர் ஊர் இருக்கிறது என்று சொன்னால், மலைநாட்டில் யார் நம்புவார்?

கிருஷாந்தி அந்த வொய்ஸைத் தன்னோடு வேனில் வரப்போகும் மற்ற ஆசிரியைகளுக்கு அனுப்பினாள். அவர்களில் ஒருத்தி பதுளைக்கு அனுப்பினாள். பதுளை மட்டக்களப்புக்கு அனுப்பியது. கடைசியில் அது திருகோணமலையிலேயே இருக்கும் மாநாட்டுச் செயலாளர் கோகுலராஜின் போனுக்கு வந்து சேர்ந்தது. எங்கே தங்குவது, எப்படி வருவது என்று நாட்டின் நாலா பக்கமும் இருந்து கேட்டு அவரைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்த நேரம் அது. வணக்கம் வரைக்கும் கேட்டார். குரலில் இருந்த உறுதி அவருக்குப் பிடித்துப்போயிற்று. இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவர் குழுவில் யாராவது பெரிய ஆளாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, பேராளர்கள் அத்தனை பேருக்கும், பிரதம விருந்தினருக்கும், தொண்டு நிறுவனத்தாருக்கும் அனுப்பிவைத்துவிட்டு நிம்மதியாக மண்டபத்தில் போட வாடகைக் கதிரை பிடிக்கப் போனார்.

மாநாட்டு நாள் காலை. மஸ்கெலியாவில் தூறல். வீரபத்திரன் கல்லாவுக்குப் பின்னால் எழுந்து நின்று, போனை ஸ்பீக்கரில் போட்டு, திருகோணமலையை நடத்திக்கொண்டிருந்தார். கம்பளி கேட்டு வந்த ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, நாங்க டவுனுக்குள்ள வந்துட்டோம்" என்றது கிருஷாந்தியின் குரல். அந்தக் குரல் அப்போதே வியர்த்திருந்தது.

"ஏத்தம் வருதா?"

"வரலைங்க. தட்டையா இருக்கு."

"தட்டையா இருக்காதே. நல்லாப் பாரு."

"நல்லாப் பாத்துட்டேன் மாமா. பந்து வச்சா உருளாது."

வீரபத்திரன் கண்களை மூடினார். ஊரே இப்படி ஏமாற்றினால் ஒரு மனிதர் என்ன செய்ய முடியும்? "நேரா விடச் சொல்லு. ஏத்தம் வரும்" என்றார். வேன் ஓட்டிய அழகுமுத்துவும் மஸ்கெலியாக்காரர்தான். தட்டையான தெருவில் ஓட்டி அவருக்கும் கால் கூசியிருந்தது. எப்போது ஏற்றம் வரும், எப்போது கியரை மாற்றலாம் என்று ஏங்கிக்கொண்டே ஓட்டினார்.

"மாமா, இங்க ஆட்டோக்காரரு ஒருத்தரு சொல்றாரு, மண்டபம் துறைமுகத்துப் பக்கமாம். இப்படியே போனா அது வராதாம்."

"அவனுக்கு ஊரு தெரியாது."

"அவரு பொறந்ததே இங்கதானாம்."

"பொறந்தா தெரிஞ்சிருமா?" என்றார் வீரபத்திரன். கம்பளிக்காரர் அதை ஆமோதித்துத் தலையாட்டினார்.

கொஞ்ச நேரத்தில் கோட்டை வாசல் வந்தது, மான்கள் வந்தன, கடைசியில் ஏற்றமும் வந்தது. வேனுக்குள் கைதட்டல் கேட்டது. வீரபத்திரன் ரத்னாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் முப்பது வருஷ தாம்பத்தியத்தின் அத்தனை வாதங்களுக்கும் பதில் இருந்தது. ரத்னா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மேட்டுக்கு வந்துட்டோம் மாமா."

"பாத்தியா."

"மண்டபம் இல்ல. கோயில் இருக்கு. அதுக்கு அங்கிட்டு கடல்."

"சுத்திப் பாரு. பின்னால இருக்கும்."

"பின்னாலயும் கடல்தான்."

மறுபக்கம் கிருஷாந்தி மூச்சு வாங்கினாள். மாநாடு தொடங்குகிற நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான், இத்தனை வருஷத்தில் இந்த இனத்தைச் சேர்ந்த யாரிடமும் யாருமே கேட்டிராத ஒரு கேள்வியை அவள் கேட்டாள்.

"மாமா, நீங்க இங்க வந்திருக்கீங்களா?"

"கோயிலுக்கு வந்தேனே."

"டவுனுக்குள்ள?"

வீரபத்திரன், நல்ல கம்பளி எது என்று தேடுவதைப் போல மேலே அடுக்குகளைப் பார்த்தார்.

"பஸ்ஸுல தூங்கிட்டேன்ம்மா" என்றார்.

அவள் திட்டியிருந்தால் சமாளித்திருப்பார். அவள் திட்டவில்லை. "புள்ளைங்ககிட்ட கூரை வரும்னு சொல்லிட்டு வந்தேன் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். வீரபத்திரன் போனைக் கல்லாவில் கவிழ்த்து வைத்தார். வெட்கம் என்பது இப்படித்தான் இருக்கும் என்பது அவருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்து, இனிமேல் யாருக்கும், எந்த ஊருக்கும், பக்கத்துக் கடைக்கும்கூட வழி சொல்வதில்லை என்று மனதாரச் சத்தியம் செய்தார். கண் கலங்கியதும் உண்மை. ரத்னாவே ஒரு கணம் துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

போன் அடித்தது.

"வீரபத்திரன் ஐயாவோ? நான் கோகுலராஜ், மாநாட்டுச் செயலாளர் கதைக்கிறன். மண்டபத்தில நான் மட்டும்தான் நிக்கிறன் ஐயா. கதிரை எல்லாம் சும்மா கிடக்கு. ஆக்கள் எல்லாரும் உங்கட வொய்ஸைக் கேட்டு மேல போயிட்டாங்களாம். பிரதம விருந்தினரும் அங்கதானாம். இப்ப நான் எப்படி அங்க வாறது?"

"நீங்க எந்த ஊருங்க?"

"திருகோணமலைதான் ஐயா. பிறந்து வளந்தது எல்லாம் இங்கதான்."

சத்தியம் செய்த ஈரம் இன்னும் காயவில்லை. வீரபத்திரன் முருகனைப் பார்த்தார். ரத்னாவைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பிறகு கண்கள் தாமாகவே மூடின, வலது கை தானாகவே எழும்பியது.

"எப்படி வர்றீங்க?" என்றார்.

"மோட்டார் சைக்கிள்ல."

"ஏன் அப்படி வர்றீங்க?"

இப்படியாக, திருகோணமலையில் பிறந்த ஒருவர், திருகோணமலையில் தூங்கிய ஒருவரிடம் வழி கேட்டு, கோணேசர் கோயில் மேட்டுக்கு வந்து சேர்ந்தார். அவர் அங்கே கண்ட காட்சி இது: ஓகஸ்ட் மாத வெயிலில் நூற்றுக்கணக்கான பேராளர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஸ்வெட்டர் இல்லாத மட்டக்களப்புக்காரர்கள் குளிக்கிற துவாலையைப் போர்த்தியிருந்தார்கள். காலில் தடவிய சவுக்காரம் வியர்வையில் நுரைத்து, எல்லோரும் நுரையில் நடமாடினார்கள். பட்டப்பகலில் பிரதம விருந்தினர் டோர்ச்சைக் கையில் பிடித்திருந்தார். அவருக்குப் போட வைத்திருந்த மாலையைக் கோட்டை மான் ஒன்று தின்றுவிட்டு இரண்டாவது மாலைக்காகக் காத்திருந்தது. யாராலும் இறங்க முடியவில்லை, ஏனென்றால் இறங்குவதற்கு வொய்ஸில் வழி சொல்லப்படவில்லை.

வேறு வழியின்றி, கோயில் வாசல் கடைகளுக்குப் பக்கத்தில் ஒரு மர நிழலில் மாநாடு தொடங்கியது. முதலில் வந்து சேர்ந்தவள் முதலில் பேசட்டும் என்றார்கள். அது கிருஷாந்தி; பின்னால் ஏறி வந்த வண்டிகள் வழியை அடைத்ததால் அவளுடைய வேன் இறங்கவே இல்லை.

அவள் பேசியதை யாரோ பதிவு செய்து பின்னேரம் அனுப்பினார்கள். வீரபத்திரனும் ரத்னாவும் கடையைச் சாத்தாமலே கேட்டார்கள். பேசத் தொடங்கும்போது மனப்பாடம் செய்ததைத்தான் ஒப்பித்தாள். இரண்டு நிமிஷத்தில் வெயில் நகர்ந்தது. சபையும் நிழலைத் தேடி நுரைக் காலோடு நகர்ந்தது. மறுபடியும் வெயில், மறுபடியும் நகர்வு. கிருஷாந்தி மனப்பாடம் செய்ததை நிறுத்திவிட்டாள்.

"இப்ப நீங்க நகருறீங்களே, எங்க புள்ளைங்களும் இப்படித்தாங்க. மழை பெஞ்சா பாயத் தூக்கிக்கிட்டு ஒழுகாத மூலைக்குப் போகுங்க. அங்க ஒழுகுனா அடுத்த மூலை. பாட்ட மட்டும் நிறுத்தாதுங்க. நான் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதுங்க. மழை நிக்கிற வரைக்கும் பாடிக்கிட்டே நகரும்."

மின்விசிறி சுழலும் மண்டபத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் தொண்டு நிறுவனத்தார் குறிப்பெடுத்துக்கொண்டு மறந்திருப்பார்கள். அன்று அவர்கள் ஸ்வெட்டரோடு மூன்றாவது முறையாக இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். கூரை கிருஷாந்திக்குக் கிடைத்தது.

ரத்னா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வீரபத்திரனும் துடைத்தார். துடைத்த கையோடு, "மேட்டுக்கு அனுப்புனது யாரு?" என்றார். அத்தோடு அவர் திருந்துவதற்கு இருந்த ஒரே வாய்ப்பும் போய்விட்டது.

அடுத்த மாநாடு, மலை உச்சியில் குளிரில் நடுங்கும் நுவரெலியாவிலாம். கோகுலராஜின் வொய்ஸ் இப்போதே ஊர் சுற்றத் தொடங்கிவிட்டது. மெல்லிய உடுப்பாகக் கொண்டுவாருங்கள், தலைக்குத் தொப்பி முக்கியம், கடற்கரை ஓரமாக நேரே வந்தால் மண்டபம் என்கிறார். அவரும் ஒருமுறை நுவரெலியா வாவிக் கரையில் படம் எடுத்துக்கொண்டவர்.

நீங்கள் இந்த இனம் இல்லை என்பது நன்றாகவே தெரிகிறது. இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு படித்தவர் எப்படி இந்த இனமாக இருக்க முடியும்? ஆனால் நாளைக்கோ நாளை மறுநாளோ யாராவது உங்களிடம் திருகோணமலைக்குப் போவதாகச் சொல்வார்கள். உங்கள் கண்கள் லேசாக மூடும். "கோட்டைக்குள்ள மான் நிக்கும், மாலையைப் பத்திரமா வச்சுக்குங்க. டவுன் தட்டைதான், கோயிலுக்கு மட்டும் ஏத்தம். மண்டபம் துறைமுகத்துப் பக்கம்" என்று சொல்லத் தொடங்குவீர்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வலது கை எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பினால் ஒரே ஒரு கேள்வி.

நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா?