பூட்டா, கொக்கா: நான் கொடுத்த தீர்ப்பு

டிங்.

வரவேற்பு மேசைகளில் வைத்திருப்பார்களே, தலையில் தட்டினால் ஒலிக்கும் வெள்ளிக் குமிழ் மணி, அதன் சத்தம்தான். பல் வைத்தியரிடமோ கார் திருத்தும் இடத்திலோ யாராவது அதைத் தட்டினால் என் வலது கை தானாகவே சட்டைப் பைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். சத்தம் சின்னது. அது ஓய்ந்த பிறகு வருகிற அமைதி ஒரு முழுக் குளிர்காலத்தின் நீளம். அந்த அமைதிக்குள் ஒரு மனிதர் பாதியில் விட்ட வசனம், பஸ்ஸைத் தவறவிட்டவரைப் போலத் தரிப்பிடத்தில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

மணியை அடித்தவன் நான்.

ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை என்றால் பட்டிமன்றம் வைத்துவிடுவோம். அதற்கு நடுவராக என்னைக் கூப்பிடுவார்கள். வசன கவிதை எழுதுகிறவன், தலையில் கொஞ்சம் நரை, காசு கேட்காமல் வருவான் (ரோல்ஸும் தேத்தண்ணியும் தந்தால் போதும்). வெயில் நல்லதா பனி நல்லதா, சமையலில் சிறந்தவர் அம்மாவா மனைவியா என்று எத்தனையோ வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். எந்தத் தீர்ப்பும் யாரையும் காயப்படுத்தியதில்லை. காரணம், எவரும் அவற்றைக் கேட்டதில்லை. தீர்ப்பு நேரத்தில் சனம் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்.

பரமண்ணையின் அறுபதாவது பிறந்தநாளுக்கு மட்டும் அத்தனை பேரும் கதிரையை விட்டு அசையாமல் இருந்தார்கள்.

பரமண்ணை மெல்பேர்ணில் நெடுங்காலம் வாழ்ந்தவர். சகோதரங்கள் எல்லாரும் இங்கே என்பதால் மனைவி ராணி அக்காவையும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் துர்காவையும் கூட்டிக்கொண்டு ஸ்காபரோவுக்கு வந்துவிட்டார். அந்த நாட்டில் இருந்து அவர் கொண்டுவந்த ஒரே சீதனம் அந்த நாட்டவருக்கே உரிய ஒருவகை உதைபந்தாட்டம். அங்கே சனி இரவு நடக்கிற ஆட்டம் இங்கே சனி விடியற்காலை வரும். தகப்பனும் மகளும் பேஸ்மெண்டில் ஒரே போர்வைக்குள் இருந்து, ஆளுக்கொரு கோப்பைத் தேத்தண்ணியோடு, தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்துவார்கள். அந்த வீட்டின் விடியல் பறவைகளால் விடிந்ததில்லை.

பிறகு துர்கா படித்து முடித்தாள். மெல்பேர்ணில் வேலை கிடைத்தது, போகப்போகிறேன் என்றாள். அங்கே ஆர் இருக்கினம் என்று பரமண்ணை கேட்டார். அவள் போனாள். அவர் விமான நிலையத்துக்குப் போகவில்லை. அதன் பிறகு இருவரும் ராணி அக்கா வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள், அதுவும் காலநிலை பற்றி மட்டும். பிறந்தநாளுக்காக அவள் வந்திறங்கியபோதும் ஒரே வீட்டுக்குள் அதே ஏற்பாடு தொடர்ந்தது.

ராணி அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த விளையாட்டில் ஆர் பெரிய தடுப்பாளர் என்று பண்டைக்காலம் தொட்டுத் தகப்பனும் மகளும் சண்டை, அதை ஒரு பட்டிமன்றமாக வைத்துவிடுவோம் என்றார்.

"மேடையிலையாவது அதுகள் ரெண்டும் ஒண்டோடை ஒண்டு கதைக்கட்டும். நீர் ஒண்டும் செய்ய வேண்டாம் தம்பி. கடைசியிலை ரெண்டு பேரும் கெட்டிக்காரர் எண்டு சொல்லிப்போட்டு இறங்கி வாரும்."

"ஓம் அக்கா" என்றேன். (அந்த ‘ஓம்’ இன்னும் என் தொண்டைக்குள் சிக்கிய மீன்முள்.)

ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் என் வேலை. அதற்கு நான் ஒரு வாரம் தயார் செய்தேன். கணினியில் பழைய ஆட்டங்களாகப் பார்த்துத் தள்ளினேன். முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம், ஒவ்வொரு முனையிலும் நான்கு தூண்கள். உதைத்த பந்தை நிலத்தில் படாமல் பிடித்துவிட்டால் ஆட்டம் நிற்கும், பிடித்தவர் நிதானமாக உதைக்கலாம். தூணடியில் நின்று இரண்டு வெள்ளைக் கொடிகளை அசைக்கிறவரை நான் நாலு நாளாக உற்சாகமான ரசிகர் என்றே நம்பியிருந்தேன். அவர் கோல் நடுவராம். எனக்கு உடனே அவர்மேல் ஒரு தொழில் பாசம் வந்துவிட்டது. பாவம், அவர் வாயே திறப்பதில்லை. அதைக் கவனித்தேன், அதிலிருந்து பாடம் படிக்கத்தான் இல்லை.

பரமண்ணையின் நாயகனுக்கு வீட்டில் ‘பூட்டு’ என்று பெயர். எதிரணியின் பெரிய கோல்காரனோடு ஒட்டிக்கொண்டு நிற்பார். பந்து வந்தால் பிடிக்கப் பார்க்கமாட்டார், முஷ்டியால் குத்தி அப்பால் அனுப்புவார். அழகே இல்லை. ஆனால் அவரைத் தாண்டி எவனும் சுலபத்தில் கோல் போட்டதில்லை. துர்காவின் நாயகன் ‘கொக்கு’. தனக்குக் குறித்த ஆளை விட்டுவிட்டு, பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே பார்த்து ஓடி, யாரோ ஒருவரின் தோளில் முழங்காலை ஊன்றி, வானத்திலேயே அதைப் பறித்துக்கொள்வான்.

அஜின்கோர்டில் ஒரு ஹோல், விழா மண்டபம். மேடை நடுவில் எனக்கு ஒரு மேசை, மேசையில் அந்த மணி. இடப்பக்கம் பரமண்ணை, கோட்டுக்கு மேல் தன் பழைய அணியின் கழுத்துத் துண்டோடு. வலப்பக்கம் துர்கா, சேலைக்குக் கீழே விளையாட்டுச் சப்பாத்தோடு. இருவரும் என்னைப் பார்த்தே பேசினார்கள். இடையில் நான் ஒரு தபால் பெட்டி.

அப்பாவின் காலத்து ஆட்டம் வேறு, இப்போது தடுப்பு என்பது தனி ஆளின் வேலை இல்லை, முழு அணியும் வலை போல விரிகிறது, அந்த வலையில் பிடிக்கத் தெரிந்தவன்தான் பெரியவன் என்றாள் துர்கா. பரமண்ணை என்னிடம், மழை பெய்து பந்து வழுக்கும்போது எந்தக் கொக்கு நின்றது என்று விசாரிக்கச் சொன்னார். சபை சிரித்தது. அவள் திரும்பினாள். முதல் தடவையாக அவரைப் பார்த்தாள்.

"குத்தினால் பந்து திருப்பியும் உள்ளுக்கைதானே வரும் அப்பா. பிடிச்சால்தான் அது எங்கடை."

"தன்ரை ஆளை விட்டிட்டுப் பறக்கிறவன் என்ன காவல்காரன்?"

"விட்டிட்டுப் போறேல்லை. எங்கை வரும் எண்டு பாத்துப் போறது."

ஹோலில் சத்தம் குறைந்தது. குளிர்சாதனப் பெட்டியின் உறுமலும், பின்வரிசையில் ஒரு குழந்தையின் விக்கலும் மட்டும். இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள். என் இருபக்கமும் ஒரு பாலம் கட்டப்படுகிறது, நான் அதன் நடுவில் நிற்கும் வேண்டாத தூண். முன்வரிசையில் ராணி அக்கா சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டிருந்தார்.

பரமண்ணை கழுத்துத் துண்டை அவிழ்த்தார். மடித்தார். திரும்பவும் விரித்தார்.

"நீ போன அண்டைக்கு" என்றார், "நான் கராஜுக்குள்ளை…"

டிங்.

ஏன் அடித்தேன்? நேரம் முடிந்துவிட்டது என்று அன்று எல்லாருக்கும் சொன்னேன். சாப்பாட்டுக்காரர் கையைக் காட்டினார் என்றும் சொன்னேன். இரண்டும் உண்மை. ஆனால் என் மடியில் நான் முதல்நாள் இரவே செதுக்கி வைத்த தீர்ப்பு சூடாக இருந்தது. எனக்கு என் முறை வேண்டியிருந்தது. உயரத்தில் இருந்து ஒரு பந்து சுழன்று சுழன்று இறங்கி வருகிறது, கீழே இரண்டு கைகள் விரிந்து நிற்கின்றன, எங்கிருந்தோ ஓடிவந்த ஒருவன் அதை முஷ்டியால் குத்தி மைதானத்துக்கு வெளியே அனுப்புகிறான். பூட்டே வெட்கப்படும் குத்து.

பரமண்ணை வாயை மூடினார். நான் எழுந்து நின்றேன்.

"சபையோரே" என்று தொடங்கினேன். (அந்த நேரம் மின்சாரம் போயிருக்கலாம். கனடாவில் அந்த வசதியும் இல்லை.) "முஷ்டி என்பது விரல்களின் சிறைச்சாலை. மூடிய கையில் மழைத்துளியும் தங்காது. காப்பது வேறு, அடைப்பது வேறு. பூட்டு தானும் வைத்திருக்காது, பிறரையும் எடுக்கவிடாது. எங்கள் வீடுகளிலும் சில பூட்டுகள் உண்டு, அவற்றை நாங்கள் அப்பா என்று அழைக்கிறோம்!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. என் வாழ்நாளில் அப்படி ஒரு கைதட்டல் வாங்கியதில்லை. அதனால் நிறுத்தவும் இல்லை. கொக்குக்குச் சிறகு கொடுத்தேன், வானம் கொடுத்தேன், கடைசியில் வெற்றியையும் கொடுத்தேன். பின்வரிசையில் இருந்து யாரோ, "பூட்டண்ணை, திறப்பு எங்கை?" என்று சாவியைக் கேட்க, ஹோல் உருண்டு சிரித்தது.

வென்றவள் சிரிக்கவில்லை. துர்கா எழுந்து, மேடைப் படிகளில் இறங்கி, கோட்டை எடுத்துக்கொண்டு வாகனத் தரிப்பிடத்துக்குப் போய்விட்டாள். தகப்பனை நாலு பேர் சிரிக்க வைத்து வென்ற வெற்றி அவளுக்கு வேண்டாததாக இருந்தது. பரமண்ணை அவள் போன கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இனித்தான் உச்சம். நடுவருக்குப் பொன்னாடை போர்த்துவது விழா நாயகரின் கடமை. அறிவிப்பாளர் அவரைக் கூப்பிட்டார். பரமண்ணை வந்தார், தட்டில் இருந்த பொன்னாடையை எடுத்தார், படப்பிடிப்பாளருக்காக இரண்டு தடவை போர்த்தினார். இரண்டாவது தடவை கழுத்தடியில் கொஞ்சம் இறுக்கமாகவே இருந்தது. அந்தப் படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன், அவர் என் தோளுக்கு மேலால் கதவைப் பார்க்கிறார்.

அதன் பிறகு அந்த வீட்டில் காலநிலைச் செய்திகூட நின்றுபோனதாக ராணி அக்கா சொன்னார். என்னோடு கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "கொஞ்சம் பொறுத்திருக்கலாம் தம்பி" என்றார், அவ்வளவுதான்.

இன்றைக்கும் எங்கள் குடும்பமும் பரமண்ணை குடும்பமும் கூடினால், நான் பேச வாய் திறந்ததும் யாராவது கரண்டியால் கிளாஸில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். என் மனைவி வீட்டிலேயே அந்த முறையைக் கடைப்பிடிக்கிறாள். அடுத்து வருவது அந்தக் கேள்வி: பரமண்ணை கராஜுக்குள்ளை என்ன செய்தவர்? ஆளுக்கொரு விளக்கம். அழுதவர் என்று ஒரு கட்சி. சிகரெட் பிடித்தவர் என்று ஒரு கட்சி. காரை வெளியே எடுக்கப் போய், எடுக்காமல் உள்ளேயே இருந்தவர் என்று என் மனைவி. பரமண்ணையும் எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பார், பதில் மட்டும் வராது. எல்லாரும் சிரிக்கும்போது நான் என் தட்டைப் பார்ப்பேன். அது வேடிக்கையாக மாறிவிட்டதுதான் எனக்கு வலிக்கிறது. ஒரு மகளுக்கென்று இருந்த வசனம், ஊரார் விடுகதையாகப் போய்விட்டது.

துர்கா திரும்பிப் போன நாளையும் சொல்லிவிடுகிறேன். தண்டனையோ மன்னிப்போ தெரியாது, அவளை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக ராணி அக்கா என்னையே கேட்டார். அவருக்குக் காய்ச்சல். பெட்டிகளை ஏற்றி முடித்து நான் காரைக் கிளப்பும்போது முன்கதவு திறந்தது. பரமண்ணை சப்பாத்துப் போட்டுக்கொண்டு, கழுத்தில் அந்தப் பழைய அணித் துண்டோடு வந்து பக்கத்தில் ஏறினார். நெடுஞ்சாலை முழுக்க மூவரும் முன்னால் போன லொறியின் பின்பக்கத்தை ஆர்வமாகப் படித்தோம். என் வாழ்க்கையில் நான் வாயைத் திறக்காத ஒரே நீண்ட பயணம் அது.

புறப்பாட்டு வாசலில் பெட்டிகளை இறக்கினேன். துர்கா கைப்பையின் பட்டியை ஒழுங்குபண்ணினாள், ஒழுங்காக இருந்ததை மறுபடியும் ஒழுங்குபண்ணினாள்.

"அப்பா, அண்டைக்குக் கராஜுக்குள்ளை எண்டு என்ன சொல்ல வந்தனீங்கள்?"

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. களைப்பு மட்டும்.

"வாயிலை வந்தது பிள்ளை. உவர் மணியடிச்சுப்போட்டார்."

"இப்ப சொல்லுங்கோ அண்ணை" என்றேன் நான்.

"இப்ப வருகுதில்லைத் தம்பி."

காரை எடுக்கச் சொல்லிக் காவலர் கை காட்டினார். துர்கா பெட்டியின் பிடியை இழுத்து நீட்டினாள். தானாகத் திறக்கும் கதவு அவளுக்காகத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தது. பரமண்ணை தன் கழுத்துத் துண்டை எடுத்து அவள் தோளில் போட்டார், ஒரு தடவை மட்டும், இறுக்காமல்.

"சனிக்கிழமை மட்ச் எத்தினை மணிக்கு?"

"உங்களுக்கு விடிய அஞ்சரை அப்பா."

"எழும்பியிருப்பன்."