மச்சான் கடையின் முதல் உடம்பு

எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது. இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் அனுதாபப்படுவதில்லை. "யாருக்குத்தான் இல்ல?" என்று கேட்டுவிட்டு, தங்களுடைய அளவைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் அந்தக் கொதிப்பை வேண்டுமென்றே ஏற்றிக்கொண்டு, நாற்பது பேர் முன்னால் போய் உட்கார்ந்தவன் கோல சிலாங்கூர் வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சொல்லித் தொலைக்கிறேன். (மறைத்தும் பயனில்லை. தெரியாதவர் யாரும் மிச்சமில்லை.)

செம்பனை ஆலையில் லோரி எடை பார்த்துக் கணக்கெழுதும் கிராணி வேலை எனக்கு. பழக்குலை ஏற்றிய லோரி எடை மேடையில் ஏறும், நான் எண்ணைக் குறித்துக்கொள்வேன். கேட்பதற்குச் சுலபமான வேலைதான். விளைச்சல் காலத்தில் முப்பது லோரி வரிசையில் நின்று ஹாரன் அடிக்கும்போது வந்து பாருங்கள். குலையின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி எடையைக் கூட்டிக்கொண்டு வரும் டிரைவர்களைப் பிடிப்பதும் நான்தான், அவர்களிடம் திட்டு வாங்குவதும் நான்தான். பதினெட்டு வருடம் இப்படிப் போனதில், வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றக்கூடத் தெம்பு இருப்பதில்லை. கடைசியில் கிளினிக்கில் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தினமும் காலையில் ஒன்று, ஒரு நாளும் விடக்கூடாது என்றார்கள்.

என் மனைவி மாலாவுக்கு ஒரு தம்பி, தயாளன். தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது வேலையை இழந்தவன், ஒரு வருடம் வாசனைத் தைல மசாஜ் படித்துவிட்டு புக்கிட் ரோத்தானில் கடை பிடித்தான். மன உளைச்சல், ரத்தக் கொதிப்பு என்று அல்லாடுகிறவர்களுக்கான கடை. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். "ஆம்பளப் புள்ள, ஊரான் காலப் பிடிச்சுவிடக் கடை போடுறானாம்!" அதைக்கூட அவன் தாங்கிக்கொண்டான். தாங்க முடியாதது வேறொன்று. அவன் விரும்பிய பெண்ணுக்கு ஊர் உலு யாம். பெண்ணின் அப்பா, "திறப்பு விழாவுக்கு வர்றேன். கடையப் பார்த்துட்டு ஒரு முடிவு சொல்றேன்" என்று சொல்லியிருந்தார். அவர் முகம் கோணினால் கல்யாணம் கிடையாது.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது தயாளன் என்னிடம் வந்தான்.

"மாமா, நீங்கதான் முதல் ஆளு. முன்னாடி ஒருக்கா பிரஷர் பார்ப்பேன், பிடிச்சுவிட்டப்புறம் ஒருக்கா பார்ப்பேன். எல்லாரும் பார்க்கட்டும்."

"எவ்வளவுடா இறங்கும்?"

"இது வைத்தியம் இல்ல மாமா. மனசு கொஞ்சம் லேசாகும். அஞ்சு பத்து இறங்கலாம், இறங்காமலும் போகலாம். மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க."

அஞ்சு பத்தா? அதைப் பார்க்கவா ஒரு மனிதர் உலு யாமிலிருந்து காடி ஓட்டிக்கொண்டு வருவார்? என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. (அது வேலை செய்தாலே வீட்டில் ஏதாவது உடையும்.) மாத்திரை போட்டுக்கொண்டு போனால் அளவு ஏற்கெனவே இறங்கியிருக்கும். அப்புறம் தயாளன் எதை இறக்குவான்? முதலில் ஏற்றி வைத்தால்தானே அவன் இறக்கிக் காட்ட முடியும்!

மூன்று நாள் மாத்திரையை நிறுத்தினேன். அது போதாதென்று, மாலா கோயிலுக்குப் போன நேரத்தில் அவள் ஒளித்து வைத்திருந்த கருவாட்டை எடுத்துப் பொரித்து, மூன்று வேளையாகத் தின்று தீர்த்தேன். விழா அன்று காலையில் பால் கலக்காத கட்டியான கோப்பி ஓ இரண்டு குவளை. கருவாடு எங்கே என்று மாலா கேட்டபோது, "பூனை" என்றேன். எடையில் ஏமாற்றிய டிரைவர்களைப் பதினெட்டு வருடம் கண்டித்த அதே வாய்தான்.

கடையில் பூசை முடிந்தது. மசாஜ் அறைக்குள் நாலு பேர் நிற்கலாம், நாற்பது பேர் நின்றார்கள். நான் பனியனோடு நாற்காலியில். பெண்ணின் அப்பா கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். பெரிய மீசை, சிரிப்பே இல்லை.

"மாத்திரை போட்டாச்சா மாமா?"

"போட்டாச்சு லா."

நூற்று ஐம்பத்தெட்டு காட்டியது. தயாளன் நெற்றியைச் சுருக்கினான். "கூட்டத்துல இருக்கீங்க, அதான்" என்று எனக்குச் சமாதானம் சொன்னான். எனக்குள் ஒரே குதூகலம்.

லவெண்டர் தைலத்தில் சில சொட்டுகளைத் தேங்காய் எண்ணெயில் கலந்து, உள்ளங்கையில் சூடாக்கி, என் தோளில் வைத்தான். உண்மையைச் சொல்கிறேன், என் தோளை அவ்வளவு பதமாக யாரும் தொட்டதில்லை. நான் எவ்வளவு களைத்துப் போயிருக்கிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் விட்டிருந்தால் அத்தனை பேர் முன்னாலும் அழுதிருப்பேன்.

மறுபடி பிரஷர் பார்த்தான். நூற்று எழுபத்தொன்று.

"மெஷின் கோளாறா இருக்கும்" என்றார் யாரோ. மாலாவின் கையில் கட்டிப் பார்த்தார்கள். நூற்றுப் பதினெட்டு, அம்சமாக இருந்தது. திரும்பவும் எனக்கு. நூற்று எண்பத்து நாலு!

"அந்த எண்ணெய்தான் ஏத்துது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சும்மா முகர்ந்து பார்க்கக் கையில் தடவிக்கொண்டவர்களெல்லாம் அவசர அவசரமாகச் சேலையிலும் வேட்டியிலும் துடைத்தார்கள். பெண்ணின் அப்பா கட்டிய கையைப் பிரித்து, சட்டைப் பையில் காடிச் சாவியைத் தேடினார்.

பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன். தயாளன் என் கையிலிருந்து பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் உள்ளங்கையில் இருந்த எண்ணெயை முகர்ந்து பார்த்தான்.

"தயாளா, நான் மாத்திரை போடல."

"இன்னைக்கா?"

"மூணு நாளா. ஏத்தி வச்சா நீ நல்லா இறக்கிக் காட்டலாமேன்னு... கொஞ்சம் கருவாடும் தின்னேன்."

"அடப்பாவி மனுசா!" என்று மாலா அலறினாள். "அந்த வாயில்லா ஜீவனுக்கு ரெண்டு நாளா சோறு போடலையே நான்!"

நாற்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தயாளன் மட்டும் சிரிக்கவில்லை. துண்டை எடுத்து என் தோளைத் துடைத்தான்.

"சட்டையப் போடுங்க மாமா. கிளினிக்குப் போறோம்."

"விழா முடியட்டும்டா. இன்னும் கொஞ்சம் பிடிச்சுவிடு, இறங்கிடும்."

"இந்த அளவுல நான் கை வைக்க மாட்டேன்."

"மச்சான், உலு யாம்காரர் பார்த்துட்டு நிக்கிறாருடா!"

"நிக்கட்டும். உங்களுக்கு ஒண்ணுன்னா அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" விருந்தினர்களை வெளியே அனுப்பி, விளக்கை அணைத்து, திறந்த ஒரு மணி நேரத்தில் கடையைப் பூட்டினான்.

எங்களைக் கிளினிக்குக்கு ஏற்றிப் போனது பெண்ணின் அப்பாதான். வழி நெடுக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மாலா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள். டாக்டரம்மா என்னைப் படுக்க வைத்து, மாலாவைவிட மெல்லிய குரலில், மாலாவைவிட மோசமாகத் திட்டினார். மாத்திரை உள்ளே போய், அளவு மெல்ல இறங்கத் தொடங்கியபோது, திரைக்கு அந்தப் பக்கம் மீசைக்காரரின் குரல் கேட்டது.

"திறந்த அன்னைக்கே கடையப் பூட்டிட்டீங்களே தம்பி."

"வேற வழி தெரியலீங்க."

"ம்." காடிச் சாவியைப் பைக்குள் போடும் சத்தம் கேட்டது. "வீட்ல பெரியவங்கள வரச் சொல்லுங்க. பேசி முடிச்சிடுவோம்."

படுத்தபடியே அழுதேன். நர்ஸ் கேட்டதற்கு, தைலம் கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. கடையும் நன்றாக ஓடுகிறது, தூரத்து ராசா ஊரிலிருந்துகூட ஆள் வருகிறார்கள். தயாளனின் மகள் இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறாள். போன மாதம் அவளை அழைத்து வர என்னை அனுப்பினார்கள். வேலை முடிந்த களைப்போடு வாசலில் நின்று, "சந்திரசேகரன், பிள்ளையோட மாமா" என்றேன். ஆசிரியை, பெற்றோர் எழுதிக் கொடுத்த பட்டியலை இரண்டு முறை பார்த்தார்.

"அந்தப் பேருல யாரும் இல்லைங்களே. அப்பா, அம்மா, மாலா அத்தை, கருவாட்டு மாமா. இவங்க நாலு பேரு வந்தாத்தான் பிள்ளைய விடலாம். நீங்க யாரு?"

உள்ளேயிருந்து பிள்ளை கையாட்டினாள். எனக்கு வாதாடத் தெம்பில்லை.

"நாலாவது ஆளு, டீச்சர்" என்றேன்.