ரெட்டைப் பிள்ளையார் எடுத்த போட்டோ

உச்சிப் பிள்ளையாரை அதிகத் தடவை தரிசித்தவர் யார் என்று போட்டி வைத்தால், முதல் பரிசு எங்கள் லாட்ஜ் ரெட்டைப் பிள்ளையாருக்குத்தான். மலைக்கோட்டை அர்ச்சகரே இரண்டாவதாகத்தான் வர முடியும். இத்தனைக்கும் மனிதர் ஒரு நாள்கூட மலை ஏறியது கிடையாது. எல்லாத் தரிசனமும் காவிரிக்கு இந்தக் கரையிலிருந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. தபால்காரரைத் தவிர யாரும் அதை உபயோகித்ததில்லை. ஐம்பதுகளின் கடைசியில், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு லாட்ஜின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். ஓர் அறையில் நானும் என் பங்காளி நடராஜனும். எதிர் அறையில் அவர். ரயில்வேயில் பிளான் வரையும் உத்தியோகம், நாற்பது வயது, கட்டைப் பிரம்மச்சாரி.

பொன்மலையில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் சீமைக்குப் புறப்படும்போது தட்டுமுட்டுச் சாமான்களை விற்றது. ஆளாளுக்குக் கட்டிலும் கிராமபோனும் தூக்கி வந்தார்கள். இவர் மட்டும், தோல் உறைக்குள் கரப்பான் குடியிருந்த ஒரு பழைய கேமராவோடு வந்தார். உலக யுத்தத்துக்கு முந்தியது. அதன் பின்பக்கச் சின்ன ஜன்னலில் கண்ணை வைத்தால் எதிரே இருப்பது இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வரும். ஒன்றோடொன்று சரியாகப் பொருந்திவிட்டால் போகஸ் சரி என்று அர்த்தம்.

முதல் மூன்று மாதம் அதன் பூர்வீகத்தை விசாரிப்பதிலேயே போயிற்று. மேலே ஜெர்மன் பெயர் வெட்டியிருந்தது. ஆனால் ருஷ்யாவில் அதே மாதிரி செய்து அதே பெயரை வெட்டி விற்கிறார்கள் என்று தெப்பக்குளத்து ஸ்டூடியோக்காரர் ஒருவர் குண்டைத் தூக்கிப் போட்டார். அன்று மனிதர் சாப்பிடவில்லை. யார் யாருக்கோ கடிதம் எழுதிக் கடைசியில் விவரம் தருவித்தார். லென்ஸைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்ன நெம்புகோல் தெரியும். அதன் நுனியில் சக்கரம் இருந்தால் அசல், வெறும் நாக்கு மாதிரி தகடு இருந்தால் நகல். லாட்ஜ் மொத்தமும் கூடி நிற்க, அவர் லென்ஸைக் கழற்றினார். சக்கரம்தான். அன்று எல்லோருக்கும் பூந்தி கிடைத்தது.

அசல் என்று தெரிந்ததும் எங்களுக்குக் கஷ்டகாலம் ஆரம்பித்தது. லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருந்தது. அதற்கு வெயில்தான் மருந்து என்று மொட்டைமாடியில் மெஸ் மாமியின் வடாமுக்குப் பக்கத்தில், இரண்டு செங்கல்லுக்கு நடுவே லென்ஸைக் காய வைத்தார். அரை மணியில் வடாம் காய்ந்துகொண்டிருந்த புடவையிலிருந்து புகை வந்தது. ஒரு வாரம் எங்கள் மாடிக்கே ரசம் தண்ணீராக வந்தது. அடுத்தது ஷட்டர். அதில் இருந்த கறுப்புத் துணித் திரை ஓட்டையாகிவிட்டது என்றும் நல்ல குடைத் துணி கிடைத்தால் ஒட்டுப் போடலாம் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழையில் என் குடையை விரித்தபோதுதான் நல்ல குடை எது என்று புரிந்தது.

கடைசியாக வந்தது அந்த இரட்டையாகத் தெரிகிற சமாசாரம். வெகு தூரத்தில் இருப்பதைப் பார்த்தால் அது ஒன்றாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உள்ளே ஒரு திருகைச் சரி செய்ய வேண்டும். தூரத்துக்கு அவர் பிடித்துக்கொண்டது உச்சிப் பிள்ளையாரை. காலையில் அம்மா மண்டபம் படித்துறையில் போய் நின்று, பார்ப்பார், திருகுவார், மறுபடி பார்ப்பார். திரும்பி வந்ததும் இன்றைக்கும் பிள்ளையார் இரண்டாகத்தான் இருக்கிறார் என்று அறிவிப்பார். பெயர் வந்தது இப்படித்தான்.

லாட்ஜ் சொந்தக்காரர் ஒரு ஐயங்கார். அவருக்கு இது பொறுக்கவில்லை. ஒரு நாள் மடக்கிவிட்டார்.

"நம்பெருமாள் பக்கத்துலேயே சேவை சாதிச்சுண்டிருக்கார். நீர் நித்யம் அக்கரையையே பார்த்துண்டு நிக்கறீரே, நன்னாவா இருக்கு?"

"கோவிச்சுக்காதீங்க சாமி. இந்த வேலைக்குத் தூரத்துல இருக்கற சாமிதான் ஆகும். உங்க பெருமாள் ரொம்பக் கிட்ட இருக்கார்."

ஐயங்காருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று முதல் அவர் வீட்டுக் காபி ரெட்டைப் பிள்ளையாருக்குத் தனியாக வந்தது.

தை மாதத்தில் ஒரு நாள் பிள்ளையார் ஒன்றானார். மனிதர் படித்துறையிலிருந்து ஈர வேட்டியோடு ஓடி வந்து முதல் படம் யாருக்கு என்று கேட்டார். நடராஜனுக்குத் திருவெள்ளறையில் பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டார் போட்டோ கேட்டிருந்தார்கள். ஸ்டூடியோவுக்குக் கிளம்பியவனைப் பிடித்து நிறுத்தி, கிணற்றடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நான் பின்னால் துண்டோடு நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். என்னை விரட்ட யாருக்கும் தோன்றவில்லை.

படம் வந்தது. நடராஜன் நீராவிக்குள் உட்கார்ந்திருந்தான். பின்னால் நான் மட்டும், கையிலிருந்த கடலை உட்பட, பளிச்சென்று விழுந்திருந்தேன். கேமராவில் தூரத்துக்கு ஒரு திருகும் கிட்டத்துக்கு இன்னொரு திருகும் உண்டு என்பது ரெட்டைப் பிள்ளையாருக்கு அப்போது தெரியாது. இது ஒரு கலை நயம், பெரிய இடங்களில் இப்படித்தான் எடுப்பார்கள் என்று அவர் அடித்துச் சொன்னதில் அவன் மயங்கி, தபாலில் சேர்த்துவிட்டான்.

பத்தாம் நாள் பெண்ணின் அப்பா நேரில் வந்தார். என் மூஞ்சியின் மேல் விரலை வைத்து, "பின்னாடி கடலை திங்கிற தம்பி யாருங்க? பாப்பா இவரைத்தான் கேக்குது" என்றார்.

நடராஜன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மன்னார்புரத்திலிருந்து வேறொரு ஜாதகம் வந்தது, பேசினான். என் கதை வேறு. அதுவரை நான்கு பெண் வீடுகளில் என்னை வேண்டாம் என்றிருந்தார்கள். ஒரு பெண் தானாக என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அது கைநழுவிவிடக் கூடாதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நழுவ வைப்பதென்றே ரெட்டைப் பிள்ளையார் கிளம்பினார். இன்னொரு திருகு இருப்பது அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. "மெஷின் செஞ்ச தப்பு தம்பி. அதைச் சொல்லாம மறைச்சா நான் மனுஷன் இல்லை" என்றார். காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு திருவெள்ளறை பஸ்ஸில் ஏறிவிட்டார். தடுப்பதற்காக நானும் ஏறினேன். வழி முழுக்கத் திருகைப் பற்றித்தான் பேசினார்.

அங்கே போய் பெண்ணின் அப்பாவுக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். ஆறடியில் விழ வேண்டிய போகஸ் பத்தடியில் விழுந்துவிட்டது, இந்தத் தம்பி படத்தில் இருக்க வேண்டிய ஆளே இல்லை என்றார். அந்த மனிதர் பயந்துபோனார்.

"பையன்கிட்ட ஏதாச்சும் குறை இருக்குங்களா?"

"பையன்கிட்ட இல்லைங்க. திருகுலதான்."

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெண், அதைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கை நீட்டினாள். எங்களில் ஒருவரையும் தொடவிடாத கேமராவை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். அவள் அதை என் பக்கம் திருப்பினாள். நான் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டேன்.

"ரெண்டு பேராத் தெரியறாங்க."

"வளையத்தைத் திருப்புங்கம்மா."

திருப்பினாள். அவசரமே படவில்லை. பிறகு கேமராவை இறக்கி அவரிடம் கொடுத்தாள்.

"இப்ப ஒருத்தர்தான். எனக்கு ஒருத்தர் போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வைகாசியில் கல்யாணம். படம் எடுத்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது திருகை அதற்குள் சரி செய்துவிட்டதாகச் சத்தியம் பண்ணியிருந்தார். எங்கள் கல்யாணப் படத்தில் தவில்காரரின் மீசையை முடி முடியாக எண்ணலாம். நானும் தனமும் நீராவிக்குள் இருக்கிறோம். ஒரு வருஷம் கழித்துத் திருகு நிஜமாகவே சரியானதும், மாலையும் கையுமாக வந்து மறுபடி எடுக்கிறேன் என்று மன்றாடினார். தனம் ஒத்துக்கொள்ளவில்லை. இதுவே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். கூடத்தில் அதுதான் மாட்டியிருக்கிறது.

ஊரையெல்லாம் படம் எடுத்தவருக்கு ஒரு படம் கிடையாது. அந்தக் கேமராவை அவர் இன்னொருவரிடம் கொடுத்தது திருவெள்ளறையில் அந்த ஒரு தடவைதான். அவர் போய் வெகு காலமாகிவிட்டது.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் நாங்கள் இருவரும் இன்றைக்கும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மலைக்கோட்டையைப் பார்ப்போம். பக்கத்து சீட்டுக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். எத்தனை பிள்ளையார் என்று தனம் கேட்பாள். ஒன்றுதான் என்பேன். இதைக் கேட்க அவர் இல்லையே என்று இரண்டு பேருக்கும் இருக்கும்.